தேன்மெழுகு ஓவியமும் தில்லி வெயிலும்

குழு: மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்கள்

கல்யாணி: சுந்தரம் மாமா, விடுமுறையில் என் மகள் மெழுகு ஓவியம் பழக விரும்புகிறாள். வீட்டில் கிடக்கும் மெழுகுவத்திகளை உருக்கி வண்ணப்பொடி கலந்துகொண்டால் போதுமா?

சுந்தரம் மாமா: போதாது அம்மா. கடை மெழுகுவத்தி பெரும்பாலும் பாரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு என்பதால், பூசிய பின் வெடித்து உதிரும். தேன்மெழுகுதான் வேண்டும், அதுவும் தனியாக இருந்தால் நகம் பட்டாலே கோடு விழும், நாளடைவில் மேலே வெள்ளை பூக்கும். ஆகவே எடைக்கணக்கில் எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு டாமர் குங்கிலியம் என்ற மரப்பிசினைச் சேர்ப்பார்கள். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் உலோகச் சிலை வார்ப்புக்கான உருவத்தைப் பிடிப்பதும் தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்ந்த கலவையில்தான்.

ரகு: டாமர் வார்னிஷ் ஓவியக் கடையில் புட்டியாகவே கிடைக்கிறதே, மாமா?

சுந்தரம் மாமா: அதைத் தொடவே வேண்டாம், ரகு. அது டர்பன்டைனில் கரைத்தது. சூடாக்கினால் எழும் ஆவி தீப்பற்றும். கட்டியாக வாங்கிப் பொடித்து, மெழுகோடு உருக்கி, மரப்பட்டைத் துணுக்குகள் நீங்க மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். குங்கிலியம் இளக 100 பாகை செல்சியசுக்கு மேல் தேவைப்படுவதால் இந்த வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். வரையும்போது 90 பாகையைத் தாண்டக் கூடாது. புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. அடுப்புத் தீ வேண்டாம், மின்சாரத் தோசைக்கல்லும் வெப்பமானியும் போதும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள்.

கல்யாணி: கான்வாஸில் வரையலாமா?

சுந்தரம் மாமா: வளையும் பரப்பில் மெழுகு விரிசல் விடும். வண்ணம் பூசாத பிளைவுட் பலகை நல்லது. அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகையில் மெழுகு ஊறாமல் பிறகு உரிந்து வரும். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு வெப்பக்காற்றுத் துப்பாக்கியை அசைத்துக்கொண்டே காட்ட வேண்டும். மங்கலாக இருக்கும் பரப்பு ஈரம் பட்டதுபோல் பளபளக்கும் கணத்தில் நிறுத்திவிட்டால் கீழ்ப்பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், சற்றே தாமதித்தாலும் வண்ணங்கள் ஓடிக் கலந்துவிடும். இது மட்டும் கைப்பழக்கத்தில்தான் வரும்.

மைதிலி மாமி: இதெல்லாம் சரி, தில்லியின் மே மாத வெயிலில் அந்தப் படம் வழிந்தோடாதோ?

சுந்தரம் மாமா: ஓடாது மாமி. தேன்மெழுகு உருக 62 பாகையாவது வேண்டும். எகிப்தின் ஃபையூமில் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை மெழுகில் தீட்டிய முகங்கள் பாலைவனத்திலேயே கிடந்தும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. ஆனால் நேர்வெயில் விழும் மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். பூட்டிய காரில் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

கல்யாணி: அப்படியானால் படுக்கையறையின் வடக்குச் சுவரை ஒழித்துக் கொடுத்துவிடுகிறேன், மாமா.