பாட்டு முடிவதற்குள் ரோபோ இரண்டு பீட் பின்தங்குகிறது, சுழலும்போது வழுக்குகிறது

மேடைவெளிச்சம்:
ரோபோ யூனிட்ரீ நிறுவனத்தின் மனித உருவ ரோபோ ஜி1. பாட்டு 3 நிமிடம், 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்). மோஷன் கேப்சரில் பதிவுசெய்த மனித அசைவை ரோபோ உடலுக்கு மாற்றி, சிமுலேட்டரில் பயிற்றுவித்த பாலிசியை (மூட்டுகளுக்குக் கட்டளை தரும் ஏஐ மாடலை) 50 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 50 சுற்று, ஓட்டுகிறோம். முதல் அடி பாட்டோடு விழுகிறது. முடிவில் கிட்டத்தட்ட இரண்டு பீட் தாமதம். ரப்பர் தரையில் அழகாகச் சுழல்வது, மேடையில் அதே இடத்தில் வழுக்குகிறது. புகை மெஷினும் உண்டு. எங்கிருந்து தேடலாம்?

தாளக்கணக்கு:
தாமதத்துக்குக் காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 3 நிமிடத்தில் 9000 சுற்று. ஒவ்வொன்றும் 20-க்குப் பதில் 20.1 மில்லி செகண்ட் எடுத்தால் கடைசியில் 0.9 செகண்ட், 120 பிபிஎம்மில் ஒரு பீட் அரை செகண்ட்தான். சுற்றுகளை ஓட்டும் லூப்பில் "இப்போதிலிருந்து இவ்வளவு நேரம் காத்திரு" என்று எழுதியிருந்தால் இந்தத் துளி கூடிக்கொண்டே போகும். தொடக்க நேரத்தை ஒருமுறை குறித்துக்கொண்டு, சுற்று எண்ணை 20 மில்லி செகண்டால் பெருக்கி, அந்தக் கணம்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பாட்டை வாசிக்கும் கணினியும் ரோபோவும் ஒரே கடிகாரத்தில் இருக்க வேண்டும்.

பின்தங்கிவிட்டால் ஃபிரேமைத் தாண்டிக் குதிக்க விடாதீர்கள். தூக்கிய கால் தரையில் இருக்க வேண்டிய ஃபிரேமுக்குத் தாவினால் ரோபோ விழும். வேகத்தை ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் கூட்டிப் பிடியுங்கள்.

அசைவை வைஃபையில் அனுப்பவே வேண்டாம். முழு நடனமும் ரோபோவுக்குள் இருக்கட்டும், தொடங்கும் நேரத்தை மட்டும் அனுப்புங்கள். அரங்கம் நிறைந்ததும் பார்வையாளர்களின் ஃபோன்களே நெட்வொர்க்கை நெரித்துவிடும்.

உராய்வு:
வழுக்கலுக்கு இரண்டு காரணம். மனிதர் முன்பாதத்தில் சுழல்வார். ரோபோவோ தட்டைப் பாதம் முழுவதையும் தேய்த்துத் திரும்புகிறது. அந்த ஒரே சுழற்சியை மூன்று நான்கு சிறு எட்டுகளாக உடையுங்கள். அசைவு ஃபைலையும் பாருங்கள்: ஊன்றிய பாதம் ஃபைலில் ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் பாலிசி அதையும் விடாமல் பின்பற்றும். தரையைத் தொடும் ஃபிரேம்களில் பாதத்தைப் பூட்டிவிட்டு மறுபடி பயிற்றுவியுங்கள். அப்போது சிமுலேட்டரில் தரையின் உராய்வுக் கெழுவை (பிடிமானத்தின் அளவை) 0.3 முதல் 1.2 வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

புகைத் திரவத்தில் கிளைகோல் இருப்பதால் தரையில் மெல்லிய படலம் படியும். ஷோவுக்கு முன் தரையையும் பாதத்தின் அடியையும் துடைக்க வேண்டும்.

மேடைவெளிச்சம்:
நன்றி. அடுத்து நான்கு ரோபோக்களை வரிசையில் ஆடவிட வேண்டும். வரிசை கலையாமல் எப்படி?

தாளக்கணக்கு:
பாதத்தின் சிறு வழுக்கல்கள் கூடி ஒவ்வொரு ரோபோவும் ஒரு பக்கம் ஒதுங்கும். 2025 சீன வசந்த விழா மேடையில் கைக்குட்டை சுழற்றிய 16 யூனிட்ரீ எச்1 ரோபோக்கள் லேசர் ஸ்கேனிங்கால் தங்கள் இடத்தைக் கணித்துக்கொண்டன. உங்களுக்கும் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) தேவை. அடர்ந்த புகை லேசரைச் சிதறடிக்கும். இடம் மாறும் பகுதிகளில் புகையை நிறுத்துங்கள்.

உராய்வு:
முழங்காலை மடக்கி நெடுநேரம் நிற்கும் போஸைக் குறையுங்கள், முழங்கால் மோட்டார் அதில்தான் சூடேறும். அவசர நிறுத்தத்தில் மோட்டாரின் டார்க்கை (திருப்பு விசையை) அறவே வெட்டாமல், மூட்டுகள் அசைவை எதிர்த்து மெதுவாக்கும் டேம்பிங் மோடுக்குப் போகட்டும். அப்போது தடாலென்று விழாமல் மெல்ல மடங்கி உட்காரும். நான்குக்கும் தனித்தனி ரிமோட், தனித்தனி ஆள்.