பிங்க் ஃப்ளாய்ட் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்': மாமாவின் பழைய தட்டா, 2011 ரீமாஸ்டர் சிடியா?

தென்காசிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் லண்டனில் இறங்கும்போதெல்லாம் இசைத்தட்டு வாங்கி வருவார். அவற்றில் மிஞ்சிய பதினொன்று இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. அதில் ஒன்று பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'. உறை ஓரம் கிழிந்துவிட்டது, தட்டு நன்றாகவே இருக்கிறது. இதைக் கேட்பதற்காகவே போன மாதம் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். அதில் ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பகுதி) இருக்கிறது. இதே ஆல்பத்தின் 2011 ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்த) சிடியைக் கல்லூரி நாளிலிருந்து கேட்டு வருகிறேன். எந்த இடத்தில் எந்தக் கடிகாரம் அடிக்கும் என்பது வரை மனப்பாடம்.

இரண்டு வாரமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். 'டைம்' பாட்டில் கடிகாரங்கள் ஓய்ந்த பிறகு டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் ரோட்டோடாம் (சுருதி மாற்றக்கூடிய சிறு டிரம்) வாசிப்பாரே, அந்த இடம் தட்டில் அறைக்குள்ளேயே கேட்கிறது. தோல் அதிர்ந்து அடங்குவது வரை தெரிகிறது. சிடியில் அதே இடம் சுத்தம், ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. சரி, தட்டுதான் மேல் என்று முடிவு கட்டப் போனால் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு வருகிறது. பாடகி கிளேர் டோரி குரலை உச்சிக்கு எடுத்துப் போகும் இடத்தில் தட்டில் குரலின் ஓரம் பிசிறுகிறது. மணலைத் தேய்ப்பது போல ஒரு சத்தம் கூடவே வருகிறது. சிடியில் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தட்டில்தான் உண்மையான ஒலி என்று படிக்கிறேன், கேட்கிறேன். ரோட்டோடாமில் எனக்குக் கேட்பது அந்த உண்மையா, அல்லது மாமாவின் தட்டு என்பதால் மனசு சேர்த்துக்கொள்வதா? 50ஆம் ஆண்டுப் பதிப்பாக 2023ல் வந்த புதுத் தட்டை வாங்கினால் இரண்டு நன்மையும் கிடைக்குமா?

வால்வுக்காதல்:

மனசு இல்லை நண்பரே, காதுதான். ரீமாஸ்டர் என்ற பெயரில் தொண்ணூறுகளுக்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி சத்தத்தை ஏற்றியதுதான். மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து நசுக்கிவிடுகிறார்கள். இகி பாப்பே 'ரா பவர்' ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து 1997ல் வெளியிட்டார். அதைப் போட்டுவிட்டு டேவிட் போவி மிக்ஸ் செய்து 1973ல் வந்ததைப் போட்டுப் பாருங்கள். புதியதில் மூச்சுவிட இடமே இல்லை. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' 2008ல் வந்தபோது சிடியைவிட கிட்டார் ஹீரோ விளையாட்டுக்குக் கொடுத்த பதிவு நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். நான் பழைய தட்டுகளை மட்டும்தான் வாங்குகிறேன். அளந்து பார்த்தாலும் தட்டுப் பதிவுக்குத்தான் டைனமிக் ரேஞ்ச் எண் (மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளி) அதிகம் வருகிறது.

ஊசிமுனை:

தம்பி, இருபது வருஷமாக ரெக்கார்டு பிளேயர் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். என் மேஜைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள் கேட்ட இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். முதலில் உங்கள் மணல் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று என்று ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் நீளம் ஒன்றாக இல்லை. விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே குரலை, அதே அதிர்வெண்ணைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. வளைவுகள் நெருங்கிவிடும், ஊசியின் நுனி அந்த வளைவுக்குள் முழுதாக இறங்காது. இந்த ஆல்பத்தில் ஊசிக்குக் கடினமான இரண்டு இடங்களும் அங்கேதான் வந்து விழுந்திருக்கின்றன. முதல் பக்கம் கிளேர் டோரியின் குரலில் முடிகிறது. இரண்டாம் பக்கம் மொத்தக் குழுவும் கோரஸோடு உரக்கச் சேரும் 'எக்லிப்ஸ்' பாட்டில் முடிகிறது. அதிலும் முதல் பக்கம் சுமார் 19 நிமிடம், இரண்டாவது 23 நிமிடத்துக்கும் மேல். பள்ளங்கள் இன்னும் நெருக்கம்.

விஎம்95இ ஊசி நீள்வட்ட நுனி, நல்லதுதான். அது தட்டின் மேல் 2 கிராம் எடையோடு அழுத்த வேண்டும். டர்ன்டேபிளில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் கோணத்தையும் அச்சிட்ட அளவுத்தாளை வைத்துச் சரிபாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் பிசிறினால், அதே கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி மைக்ரோலைன் ஊசி போடலாம். அதன் நுனி பள்ளத்தின் சுவரை மெல்லிய கோடாகத் தொடும், உள்பக்கத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். மாமாவின் காலத்தில் மழுங்கின ஊசியால் பள்ளம் தேய்ந்திருந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.

இப்போது ரோட்டோடாம். இதில் தட்டா சிடியா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். எனக்கே என் பார்வையை மாற்றிய சோதனை இது. டர்ன்டேபிளின் வெளியீட்டை யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் ஏற்றுங்கள், சாதாரண சிடி தரத்திலேயே, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். பிறகு யாராவது ஒருவரை மாற்றச் சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் தட்டையும் அந்தப் பதிவையும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன் 'லெட் செப்பலின் 2' தட்டை வைத்து இதைச் செய்தேன். தட்டில் நான் நேசித்த எல்லாமே, அந்தத் தடிப்பு, அந்த நெருக்கம், நடுவில் வரும் சொடுக்குச் சத்தம் உட்பட, டிஜிட்டல் பதிவில் அப்படியே இருந்தது. எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டல்தான் உயிரைக் கொன்றது என்றால் அது இங்கேயும் கொன்றிருக்க வேண்டும். அப்படியானால் நான் கேட்டுக்கொண்டிருந்தது தட்டை வெட்டியவரின், அதாவது மூலத்தட்டில் பள்ளத்தைப் பொறித்தவரின், கையையும், என் ஊசியின் குணத்தையும்தான்.

வெட்டியவரின் கை என்று சும்மா சொல்லவில்லை. அந்த 'லெட் செப்பலின் 2' ஆல்பத்தையே பாருங்கள். 1969ல் ராபர்ட் லட்விக் அதைத் தாராளமான சத்தத்தோடு வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளிக் குதித்ததால் அடக்கமாக மறுபடி வெட்டி விற்றார்கள். இரண்டும் ஒரே வருஷத்துத் தட்டு, ஒரே பாட்டு, ஆனால் ஒலி வேறு வேறு. இன்றைக்கு லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் 'ஆர்எல்' என்று கீறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உங்கள் 'டார்க் சைட்' ஆல்பத்திலும் இதே கதை உண்டு. 2003ல் வந்த கலப்பு டிஸ்க்கில் எஸ்ஏசிடி (சிடியைவிட உயர்தர டிஜிட்டல் வடிவம்) அடுக்கு ஒன்று, சிடி அடுக்கு ஒன்று. ஒரே வட்டு, ஆனால் சிடி அடுக்கில் சத்தத்தை ஏற்றி உச்சங்களை அமுக்கியிருந்தார்கள். அதை மட்டும் கேட்டவர் சிடி என்ற வடிவத்தையே குறை சொல்லியிருப்பார்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று உணராது, "இது நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும்.

சவுண்டு_டெஸ்க்:

ஊசிமுனை அண்ணா சொன்ன சோதனையை நானும் ஆமோதிக்கிறேன். ஒலிக்கலவைதான் என் தொழில். ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். எல்லாம் வெட்டியவரின் கை என்று விட்டுவிட முடியாது, தட்டு என்ற பொருளே அவரது கையைக் கட்டிப்போடுகிறது. தாழ்ந்த சுருதிகள் இடதிலும் வலதிலும் பிரிந்து நின்றால் ஊசி மேலும் கீழும் எகிறும் என்பதால் அவற்றை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். 'ஸ' ஒலியின் கூர்மையைத் தணிப்பார்கள். ஆர்ஐஏஏ என்ற பொது ஒலிச்சீர் முறைப்படி பேஸைக் குறைத்து, உயர் சுருதியைத் தூக்கி வெட்டுவார்கள், உங்கள் ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) அதைத் திருப்பிப் போடும். இவ்வளவும் தாண்டி வருவதற்கு ஒரு தனி உருவம் இருக்கிறது. அது உண்மைக்கு நெருக்கமா என்பது வேறு கேள்வி. அளவில் பார்த்தால் சிடிதான் ஸ்டுடியோ டேப்புக்கு நெருக்கம். எனக்கு இரண்டும் பிடிக்கும் என்பதால் இதைச் சொல்லத் தயக்கம் இல்லை.

வால்வுக்காதல் சார், அந்த டைனமிக் ரேஞ்ச் எண்ணை நம்ப வேண்டாம். அமுக்கின அதே டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டிய தட்டைத் திரும்பப் பதிவு செய்து அளந்தாலும் எண் கூடத்தான் காட்டும். வெட்டி, ஊசி வழியாகத் திரும்பி வரும்போது அலையின் வடிவம் கொஞ்சம் குலைந்து உச்சங்கள் உயர்ந்து தெரியும், அவ்வளவுதான். நசுங்கின இசை தட்டில் ஏறினாலும் நசுங்கினதே.

பழைய தட்டு என்றால் அனலாக் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985ல் வந்தது, அதுவே டிஜிட்டல் டேப்பில் பதிவானது. தட்டில் இடம் போதாமல் சில பாட்டுகளைச் சுருக்கினார்கள், சிடியில்தான் முழு நீளம் வந்தது. ரீமாஸ்டர்களையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பீட்டில்ஸின் மோனோ தட்டுகளை 2014ல் பழைய டேப்பிலிருந்தே, நடுவில் டிஜிட்டல் இல்லாமல் வெட்டினார்கள். அவை எவ்வளவு அழகு என்று கேட்டால்தான் தெரியும். ரஷ் குழு தங்கள் 2002 ஆல்பமான 'வேப்பர் டிரெயில்ஸ்' அளவு மீறி அமுக்கப்பட்டதை உணர்ந்து 2013ல் முழுதாக மறுமிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். டிரம்ஸ் அதில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

தம்பி, சோதனைக்கு ஒரு யோசனை: இதயத் துடிப்போடு ஆல்பம் தொடங்கும் இடத்தை எடுக்காதீர்கள், தட்டின் கரகரப்பு காட்டிக்கொடுத்துவிடும். உரத்த இடமாக எடுங்கள், 'டைம்' கிட்டார் தனி வாசிப்பு மாதிரி.

தென்காசிக்காரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தராசு வர தாமதம்.

ஊசியின் எடை 2.7 கிராம் இருந்தது சார். கடையில் பொருத்திக் கொடுத்தது, நான் அப்படியே விட்டிருந்தேன். 2 கிராமுக்குக் குறைத்தேன். கார்ட்ரிட்ஜும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதையும் நேராக்கினேன். கிளேர் டோரி குரலில் மணல் சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. மேல் ஸ்தாயியில் இன்னும் லேசாக இருக்கிறது. அடுத்த மாதம் மைக்ரோலைன் ஊசி வாங்குகிறேன்.

சோதனைக்கு என் தங்கையை உட்கார வைத்தேன். ஓடும் தட்டும் அதன் டிஜிட்டல் பதிவும்: பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். அதாவது ஒன்றும் தெரியவில்லை. பிறகு தட்டின் பதிவையும் சிடியையும் ஆடாசிட்டி மென்பொருளில் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தேன். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் என் தட்டு சிடியைவிட 3 டெசிபல் உரக்க ஓடிக்கொண்டிருந்தது. 'டைம்' கிட்டார் இடத்தில் பத்துக்கு எட்டு முறை பிரித்துச் சொன்னேன். வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது, ஆனால் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. ரோட்டோடாம் இப்போதும் தட்டில்தான் பிடித்திருக்கிறது. சமப்படுத்தின பிறகும் அந்த அடி கொஞ்சம் பருமனாக இருக்கிறது. 'அஸ் அண்ட் தெம்' சாக்ஸபோனுக்கு சிடிதான். குரல்களின் எதிரொலி தேய்ந்து மறையும் கடைசி இழை வரை அதில் கேட்கிறது.

2023 தட்டு வாங்குவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். இன்னொரு கேள்வி. லேபிளில் முக்கோணம் நீலம் நிரம்பியதாக இல்லை, வெறும் கோடாக இருக்கிறது. வெற்றுப் பகுதியில் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எதிரெதிரே இரண்டு இடத்தில் ஏதோ பொறித்திருக்கிறது. ஒரு பக்கம் எண் 2, மறுபக்கம் ஆங்கில எழுத்துகள் ஆர், ஏ. இது என்ன?

ஊசிமுனை:

நிரம்பிய நீல முக்கோணம்தான் முதல் அச்சு தம்பி, உங்களுடையது அதற்கு அடுத்தது. இஎம்ஐ தொழிற்சாலையில் ஸ்டாம்பர் (தட்டை அடிக்கும் உலோக அச்சு) எண்ணை எழுத்தாகப் பொறிப்பார்கள். 'கிராமஃபோன் லிமிடெட்' என்பதன் ஆங்கில எழுத்துகள் பத்தை வரிசையாக எடுத்து ஒன்று முதல் பூஜ்யம் வரை எண் கொடுத்தார்கள். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3. உங்கள் பக்கம் 23ஆவது ஸ்டாம்பரில் அடித்தது. எதிரே இருக்கிற 2 மதர் (ஸ்டாம்பரை உருவாக்கும் உலோகத் தட்டு) எண். இரண்டாம் பக்கத்தையும் பார்த்து எழுதுங்கள், அங்கே எழுத்துகள் வேறாகத்தான் இருக்கும். அப்புறம், புது ஊசி போடுவதற்கு முன்னால் தட்டை ஒருமுறை கழுவிவிடுங்கள். ஐம்பது வருஷத்துத் தூசி பள்ளத்துக்குள் இருக்கிறது.