அமாரோவுக்குத் தமிழ்ச் சொல் (அவசரம், வெள்ளிக்குள்)

சுங்கை சிப்புட், திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். கோலாலம்பூரில் ஒரு மதுக்கூடத்தில் வேலை செய்யும் என் தங்கை மகன், வீட்டிலேயே பானம் கலக்குவது பற்றித் தமிழில் காணொளி போடுகிறான். திரையில் வரும் எழுத்து வரிகள் என் பொறுப்பு. இந்த வாரம் ‘பேப்பர் பிளேன்’ என்ற காக்டெயில். சாம் ராஸ் என்பவர் 2008இல் உருவாக்கியது. போர்பன் விஸ்கி, அப்பரோல், அமாரோ நொனினோ, எலுமிச்சைச் சாறு நான்கும் 22.5 மில்லி வீதம். ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்தால் முடிந்தது.

அமாரோவில்தான் மாட்டிக்கொண்டேன். வேர், பட்டை, பூ, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சாராயத்தில் ஊறி, இனிப்பும் சேர்ந்த இத்தாலியச் சரக்கு. சாப்பிட்டபின் செரிமானத்துக்குக் குடிப்பார்களாம். இத்தாலிய மொழியில் அமாரோ என்றாலே கசப்புதான். ‘கசப்பு மது’ என்று எழுதினேன். “கெட்டுப்போன பியர் மாதிரி இருக்கு பெரியம்மா” என்கிறான். திரையில் இரண்டு சொல்லுக்குமேல் இடமில்லை.

ஈப்போ, செவ்வாய் காலை

அம்மா, கசப்பை விடுங்கள். அறுசுவையில் அதன் பெயர் கைப்பு. மலையாளத்தில் கய்ப்பு, கன்னடத்தில் கஹி. கசப்பும் அதே வேர்தான். அடுத்தது மது. அது வடசொல். தேறல் இருக்கும்போது அது எதற்கு? தேறியது, அதாவது தெளிந்தது, தேறல். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையும் இந்தக் குடும்பம்தான். தேற்றம், ஆறுதல் சொல்லித் தேற்றுவது வரைக்கும் இந்த வேரைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

புறநானூறு 56இல் நக்கீரர், பாண்டியன் நன்மாறனிடம் “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்கிறார். மேற்கிலிருந்து கடல் வழி வந்த, மணக்கும் மது. நீங்கள் கேட்கும் பொருள் இதுவேதான். ‘யவனக் கைத்தேறல்’ என்று போடுங்கள். இரண்டே சொல்.

கிள்ளான், செவ்வாய் மதியம்

ஐயா, யவனர் கிரேக்கரா ரோமரா, கலம் கப்பலா குப்பியா என்று ஆரம்பித்தால் வெள்ளி போய் அடுத்த தீபாவளி வந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், என் மாணவர்கள் கைத்தேறலைக் கைத்தறி, கைத்தொழில் வரிசையில்தான் வைப்பார்கள். யாரோ கையால் பிசைந்த சரக்கு என்று நினைப்பார்கள். ‘மூலிகை மது’ போதாதா?

தெலுக் இந்தான், செவ்வாய் இரவு

அமாரோவுக்கும் அமரருக்கும் உறவு இருக்குமோ? அமரர் உண்டது அமுதம், இதுவும் மருந்துபோல்...

சுங்கை சிப்புட், செவ்வாய் இரவு

தம்பி, நம்மூர் நாளிதழில் அமரர் எந்தப் பக்கத்தில் வருவார் என்று தெரியும்தானே? படத்தோடு, மாலையோடு. குடிக்கிறவனுக்கு அதைக் காட்ட வேண்டாம்.

ஈப்போ, புதன் காலை

அமாரோ இலத்தீன் அமாருஸிலிருந்து வந்தது. அமரர் வடமொழி. உறவே இல்லை. மூலிகை மது என்பதும் சரியில்லை. ஜின்னிலும்தான் மூலிகை இருக்கிறது. சொற்புணர்ச்சிதான் தடை என்றால் ‘கைப்புத் தேறல்’ என்று பிரித்தே எழுதலாம்.

கிள்ளான், புதன் காலை

“கடிசொல் இல்லைக் காலத்துப் படினே” என்றவர் தொல்காப்பியர். அமாரோ என்றே விட்டுவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

ஈப்போ, புதன், ஐந்து நிமிடம் கழித்து

காலத்துப் பட்ட சொல்லுக்குத்தான் அந்தச் சலுகை. நேற்று விமானத்தில் வந்திறங்கிய சொல்லுக்கு இல்லை. செம்பனையை நாம் ஆக்கினோம், நிலைத்தது. அன்று “பாம் ஆயில் மரம் போதுமே” என்று சொல்லி உட்கார்ந்திருந்தோமா?

சுங்கை சிப்புட், புதன் இரவு

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய என் அம்மாவுக்கு இந்தச் சரக்கு அந்நியமில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்து வீட்டுச் சீனத்தி கொண்டுவந்த பெனடிக்டின் டோம் என்ன? அதுவும் மூலிகை ஊறிய மதுதான், பிரெஞ்சுக்காரருடையது. அம்மா அதை ‘மருந்துத் தண்ணி’ என்பார். குடிப்பது மட்டும் அப்பா.

கசப்பு என்றால் நிலவேம்பு குடித்த எவருக்கும் நாக்கில் தெரியும். கைப்பு என்றால் அறுசுவைப் பாடம் மனப்பாடம் செய்தவருக்குத்தான் தெரியும். காக்டெயிலைக் ‘கலப்பு மது’ என்று எழுதவும் எனக்குத் துணிவில்லை. சம்சு என்ற மலிவுச் சாராயத்தைப் பார்த்த ஊர் இது. 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயத்தால் எத்தனை பேர் செத்தார்கள். காக்டெயில் காக்டெயிலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. நாலு சுவையும் ஒன்றை ஒன்று அமுக்காமல் நிற்பதற்குச் ‘சமநிலை’ என்று எழுதியிருந்தேன். தராசுக் கடை மாதிரி இருந்தது. போன வாரம் தங்கை மகன் கலக்கிக் கொடுத்த முதல் கிளாஸில் சாறு கூடிப்போய் மற்ற மூன்றும் காணாமல் போயின. சரியாக அளந்து ஊற்றியதும் முதலில் எலுமிச்சை, பிறகு போர்பனின் சோள இனிப்பும் கருக்கிய பீப்பாயின் வெனிலா மணமும், தொண்டையில் இறங்கிய பிறகுதான் கசப்பு. “இப்பதாண்டா பதம்” என்று என் வாயில் தானாக வந்தது. அந்தச் சொல்லையே போட்டுவிட்டேன்.

ஈப்போ, வியாழன் காலை

பதத்துக்கு மறுப்பில்லை. சோற்றுக்குச் சொல்லும் பதம் நம்முடையது, வடமொழிப் பதம் வேறு. நல்ல சொல். ஆனால் குலுக்குவதற்கும் துழாவுவதற்கும் வேறுபாடு காட்டினீர்களா?

சுங்கை சிப்புட், வியாழன் காலை

காட்டினேன் ஐயா. சாறு சேர்ந்தால் குலுக்கு. மதுவகை மட்டும் என்றால் துழாவு. அடுத்த வாரம் வரும் ‘பூல்வார்டியே’ என்ற காக்டெயில் துழாவுகிற ரகம். போர்பன் 45 மில்லி, கம்பாரி 30, இனிப்பு வெர்மூத் 30. மூன்றும் மதுவகைதான்.

சுங்கை சிப்புட், வியாழன் இரவு

எழுதிய நால்வரில் மூவர் கசப்புப் பக்கம். தெலுக் இந்தான் தம்பி “எதுவானாலும் சரி” என்றதையும் சேர்த்துத்தான் அந்த மூன்று. தேறலை ஐயாவுக்காக வைத்துக்கொண்டேன். ‘கசப்புத் தேறல்’ என்று அனுப்பியாகிவிட்டது. அமாரோ என்ற பெயரை அவன் வாயால் சொல்லிவிடுவான்.

ஈப்போ, வியாழன் இரவு

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கைப்பு.

கிள்ளான், வெள்ளி காலை

அக்கா, லெமன் இல்லை, வீட்டில் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சைதான் இருக்கிறது. எத்தனை பிழிய வேண்டும்?

சுங்கை சிப்புட், வெள்ளி காலை

எண்ணாதீர்கள், பிழிந்து அளந்துகொள்ளுங்கள். அதே 22.5 மில்லி. விதையை வடித்துவிடுங்கள்.

ஈப்போ, வெள்ளி காலை

பிழி! கள்ளுக்குச் சங்கப் பெயர் அது. ‘கைப்பிழி’. இதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை?