பெட்டைக் குதிரையின் மடியும் வாலடியும்: கழுவ வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

பஞ்சகல்யாணி:
போன ஆடியில் அந்தியூர் சந்தையில் ஒரு கத்தியவாரி பெட்டை வாங்கினேன். ஐந்து வயது, காது இரண்டும் நுனியில் தொட்டுக்கொள்ளும், நல்ல குணம். ஒரு மாதமாக வாலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். லாயத்து வேப்பங்கம்பத்தில் பின்பக்கத்தைச் சாய்த்து அப்படியும் இப்படியும் ஆட்டி, இப்போது வால் தொடங்கும் இடத்தில் முடியெல்லாம் உடைந்து தேய்ந்த துடைப்பம் மாதிரி நிற்கிறது. தினமும் பிரஷ் போடுகிறேன், குளம்பு சுரண்டுகிறேன், முகம் துடைக்கிறேன். ஆனால் வாலுக்குக் கீழேயும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் இதுவரை கை வைத்ததே இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் "மடிக்கு நடுவில் அழுக்கு அடைந்திருக்கும், கழுவிப் பார்" என்கிறார். என் அப்பாவோ "அங்கெல்லாம் கை வைக்காதே, உதைத்தால் எலும்பு தங்காது, பார்க்கிறவர்களுக்கும் அசிங்கம்" என்கிறார். நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்? கழுவுவதென்றால் எதை வைத்து, எத்தனை நாளைக்கு ஒரு முறை?

பழைய சைஸ்:
பெரியவர் சொன்னதுதான் சரி தம்பி. 22 வருடம் பந்தயக் குதிரைகளுக்குச் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளனாக இருந்தவன் நான், கிண்டியிலும் ஊட்டியிலும். பெட்டைக் குதிரைக்கு மாடு மாதிரி நாலு காம்பு கிடையாது, இரண்டுதான். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது, வெளியே நின்று பார்த்தால் தெரியாது. வியர்வை, தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை, செத்த தோல், மண் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து கருப்பாக மெழுகு மாதிரி படியும். அது காய்ந்தால் அரிக்கும். குதிரையால் அங்கே வாயைக் கொண்டுபோக முடியாது, காலாலும் சொறிய முடியாது. அதனால் எட்டுகிற இடமாகப் பார்த்து வாலைக் கம்பத்தில் தேய்க்கும். நம் ஆட்கள் வாலில் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார்கள், அரிப்பு இருப்பது வேறு இடத்தில்.

கொஞ்சம் தேங்காய் எண்ணெயை விரலில் எடுத்து அந்த மடிப்பில் தடவிவிட்டு, பத்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் ஏடு ஏடாக வரும். நகத்தால் சுரண்டவே கூடாது. மாதம் ஒரு முறை போதும், வெயில் காலத்தில் இரண்டு முறை.

மேய்ச்சல்காரன்:
நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் நாலு பெட்டை வைத்திருக்கிறேன். கொழுக்கட்டைப் புல் மேய்கின்றன, மண்ணில் புரள்கின்றன, மழையில் நனைகின்றன. ஒன்றுக்கும் இதுவரை மடி கழுவியது கிடையாது, ஒன்றும் வால் தேய்த்ததும் கிடையாது. இலங்கையின் நெடுந்தீவில் போர்த்துக்கீசியன், டச்சுக்காரன் காலத்திலிருந்து குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றனவே, அதற்கெல்லாம் யார் போய் மடி கழுவினார்கள்? நாலு சுவருக்குள் கட்டிப்போட்டு, அதன் தோலில் இயல்பாக ஊறுகிற பசையையும் வழித்தெடுத்து, அப்புறம் தோல் வறண்டு அரிக்கிறது என்று இன்னொரு எண்ணெய் தேடுகிறோம். தம்பி, முதலில் அதை அவிழ்த்து வெளியில் விடுங்கள்.

வெள்ளைக்குதிரை:
மேய்ச்சல்காரன் அண்ணா, உங்கள் குதிரை காட்டில் நிற்கிறது. என் குதிரை கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறது, பின்னால் நூறு பேர் நடந்து வருகிறார்கள், நாற்றம் வந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். வாரம் ஒரு தடவை வாலைத் தூக்கிக் கட்டி, கிருமிநாசினி திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பிறப்புறுப்பின் இதழ்களை விரித்து உள்பக்கமும் சேர்த்துக் கழுவிவிடுகிறேன். எட்டு வருடமாக இப்படித்தான். மாட்டு மடியைத் தினமும் இரண்டு வேளை கழுவுகிறோமே, அதில் யாரும் அசிங்கம் பார்ப்பதில்லை, குதிரைக்கு மட்டும் என்ன?

மேய்ச்சல்காரன்:
மாட்டு மடியைக் கழுவுவது நாம் பால் குடிக்கிறோம் என்பதற்காக. மாட்டுக்காக இல்லை.

ஊசிக்கை:
கால்நடை மருத்துவராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மடி, பிறப்புறுப்பின் வெளிப்புறம், உள்புறம் என்று மூன்று வெவ்வேறு இடங்களை நீங்கள் ஒரே இடம் போலப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மடியைப் பற்றி சைஸ் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் லத்தியோ, காய்ந்த சிறுநீர்க் கறையோ இருந்தால் வெறும் தண்ணீர்த் துணியால் துடைக்கலாம். குதிரைச் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்தும் கோழையும் உண்டு, அதனால் கலங்கலாகத்தான் இருக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்.

வெள்ளைக்குதிரை தம்பி, உள்ளே கழுவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பெட்டைக்குக் கருப்பை வரை மூன்று தடுப்புகள் இருக்கின்றன: வெளி இதழ்கள் மூடி நிற்பது, உள்ளே ஒரு மடிப்பு, அப்புறம் கருப்பையின் வாய். இதழ்களை விரித்துத் தண்ணீர் அடிக்கும்போது முதல் தடுப்பை நீங்களே திறந்துவிடுகிறீர்கள், காற்றும் அழுக்கும் உள்ளே போகின்றன. அங்கே எப்போதும் குடியிருக்கும் தீங்கில்லாத கிருமிகள்தான் கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் காவல் நிற்கின்றன. கிருமிநாசினி முதலில் கொல்வது அவற்றைத்தான். பொலிக்குதிரைகளின் குறியை அடிக்கடி கிருமிநாசினியால் கழுவிய இடங்களில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா மாதிரி பிடிவாதமான கிருமிகள் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளைக்குதிரை:
அக்கா, அப்படியானால் மருத்துவர்களே அந்த இடத்தைக் கிருமிநாசினியால் கழுவுகிறார்களே, நானே பார்த்திருக்கிறேன். அதன் பெயர் என்ன?

ஊசிக்கை:
அது சிகிச்சை தம்பி. 1977-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் குதிரைகளுக்குள் இனச்சேர்க்கையால் பரவும் ஒரு கருப்பை அழற்சி நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கிருமி பெட்டையின் பிறப்புறுப்பில் கீழ் ஓரத்திலுள்ள சின்னக் குழியில் ஒளிந்துகொள்ளும். அதனால் அந்த நோய் உறுதியான குதிரைக்கு, அந்தக் குழியை மட்டும் குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினியால் சில நாள் கழுவி மருந்து வைப்பார்கள். நோய் உள்ள குதிரைக்கு மருத்துவர் சில நாள் செய்வதை, நோயில்லாத குதிரைக்கு எட்டு வருடம் வாராவாரம் செய்தால் அது வேறு கதை.

பஞ்சகல்யாணி தம்பி, நீங்கள் இன்னும் கழுவவில்லை என்றால் நல்லது. கழுவுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வால் தேய்ப்பதற்கு மடி அழுக்கு மட்டும் காரணம் இல்லை. குடலில் இருக்கும் ஊசிப்புழுவின் பெண், ஆசனவாய்க்கு வெளியே வந்து பிசின் மாதிரி ஒரு திரவத்தோடு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், அது காயும்போதுதான் தாங்க முடியாத அரிப்பு. லத்தியைச் சோதித்தால் இந்த முட்டை பெரும்பாலும் கிடைக்காது. காலையில் எழுந்ததும், துடைக்காமல், ஒட்டும் செல்லோ டேப்பை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து ஒரு கண்ணாடிச் சில்லில் ஒட்டிப் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கொடுங்கள். கழுவிவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது. பிடரியிலும் சேர்த்துத் தேய்க்கிறாள், சாயங்காலத்தில் அதிகம் என்றால் கொசுவைவிடச் சின்ன ஒரு பூச்சியின் கடி ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படியே வாலடியிலும் தொடை இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணி வெறும் அரிப்போடு போகாது, குதிரையின் ரத்தச் சிவப்பணுக்களைத் தின்னும் ஒட்டுண்ணியையும் கொண்டுவரும்.

மேய்ச்சல்காரன்:
டாக்டரம்மா சொல்வதை வைத்துப் பார்த்தாலும் நான் சொன்னதுதானே வருகிறது? காரணம் தெரியாமல் கை வைக்காதே என்கிறேன். அரிப்பு வந்தால் பார்க்கலாம், வராத குதிரையை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

பழைய சைஸ்:
அங்கேதான் நீங்கள் தப்புப் பண்ணுகிறீர்கள். தொந்தரவு இல்லாத நாளில் கை பழகினால்தான் தொந்தரவு வந்த நாளில் விடும். தலைச்சன் குட்டி போட்ட பெட்டை எத்தனையோ, மடியில் குட்டியின் மூக்குப் பட்டதும் கூச்சம் தாங்காமல் உதைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு குட்டி பின்னங்காலில் அடிபட்டு அன்று முழுக்க நொண்டியது. முந்தின மாதங்களில் யாராவது ஒருத்தர் தினமும் அடிவயிற்றில் கை ஓட்டி, மடி வரை கொண்டுபோய்ப் பழக்கியிருந்தால் அது நடந்திருக்காது. எனக்கு அந்த லாயத்தில் அதைச் சொல்லும் இடம் அப்போது இல்லை, இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

மேய்ச்சல்காரன்:
பழக்குவது வேறு, கழுவுவது வேறு. பழக்குவதை நான் மறுக்கவில்லை.

வெள்ளைக்குதிரை:
அக்கா சொன்னதற்கு அப்புறம் உள்ளே கழுவுவதை நிறுத்திவிட்டேன். முதலில் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் இன்று வாலைத் தூக்கி வெறும் துணியால் துடைக்கும்போது, வாலின் அடிப்பக்கம், முடி இல்லாத கருந்தோலில், கோலிக்குண்டு அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. பக்கத்திலேயே மிளகு அளவில் இன்னும் இரண்டு. இத்தனை நாள் நுரைக்குள் கை போனதில் கவனிக்கவே இல்லை. குதிரைக்கு 16 வயது. கட்டியா, கொப்புளமா?

ஊசிக்கை:
பிறக்கும்போதே வெள்ளையா, கருப்பாகப் பிறந்து வெளுத்ததா?

வெள்ளைக்குதிரை:
வாங்கும்போது சாம்பல் நிறம். வருடத்துக்கு வருடம் வெளுத்தது.

ஊசிக்கை:
சாம்பலாக இருந்து வெளுக்கும் குதிரைகளுக்கு வயதானால் மெலனோமா என்கிற கருப்புக் கட்டி வருவது மிகவும் சாதாரணம். 15 வயதைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றாவது இருக்கும், அதிகம் வருவது வாலடியிலும் ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றியும்தான். பலவும் வருடக்கணக்கில் மெதுவாகத்தான் வளரும், பயப்படாதீர்கள். ஆனால் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும். கிள்ளவோ, மூலிகை வைத்துக் கட்டவோ வேண்டாம்.

பஞ்சகல்யாணி:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. டேப்பில் ஊசிப்புழு முட்டை இருந்தது. எடை பார்த்து மருந்து கொடுத்தார்கள், அதில் கேட்கவில்லை என்றால் வேறு மருந்து மாற்றலாம் என்றார்கள். முட்டை நாலைந்து நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடுமாம், அதனால் வாலடியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எரித்துவிடுகிறேன். அவள் உரசிய வேப்பங்கம்பத்தையும் தொட்டியின் விளிம்பையும் கொதிதண்ணீர் ஊற்றித் தேய்த்தாயிற்று.

மடியும் பார்த்தேன். என் தம்பி நான் நின்ற பக்கமாகவே நின்று தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். நேர் பின்னால் நிற்காமல், விலாவோடு ஒட்டி வாலைப் பார்த்து நின்று, இடது கையை இடுப்பின் மேல் வைத்துக்கொண்டு வலது கையை வயிற்றின் வழியே மெல்லக் கொண்டுபோனேன். முதல் இரண்டு நாள் காலைத் தூக்கிக் காட்டினாள், கையை எடுக்காமல் வயிற்றிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எண்ணெய் தடவ விட்டாள். சைஸ் ஐயா சொன்ன மாதிரியே இருந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கருப்பாக இரண்டு ஏடு, ஒன்றின் அடியில் தோல் சிவந்திருந்தது. அது கழன்று வந்ததும் ஒரு பின்னங்காலை மடித்து ஓய்வாக நின்று, கீழ் உதடு தொங்க, கண் பாதி மூடிக்கொண்டாள். என் அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவரே தண்ணீர் காய வைத்துக் கொடுத்தார்.

பழைய சைஸ்:
நல்ல வேலை தம்பி. மடிக்கு ஒரு துணி, வாலடிக்கு வேறு துணி. முதலில் மடி, கடைசியில் ஆசனவாய். இரண்டாவது குதிரை வந்தால் அதற்குத் தனித் துணி.

மேய்ச்சல்காரன்:
தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று என் நாலையும் பார்த்தேன். மூன்றுக்குச் சுத்தமாக இருந்தது. திறந்து விட்ட குதிரைக்குப் பெரிதாகச் சேராது என்பதில் நான் மாறவில்லை. நாலாவது பெட்டை சினையாக இருக்கிறது. அதற்கு மடி இறங்கியிருக்கிறது, காம்பு நுனியில் மஞ்சளாகத் தேன்மெழுகு மாதிரி ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது. டாக்டரம்மா, இதைத் துடைத்துவிடலாமா?

ஊசிக்கை:
தொடாதீர்கள். அது அழுக்கு இல்லை, சீம்பால் கசிந்து அடைத்து நிற்பது. துடைத்தால் சீம்பால் ஒழுகிப் போகும், குட்டிக்கு நோய் தடுக்கும் சக்தியே அதில்தான் வருகிறது, அதுவும் பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். குட்டி விழுந்து எழ முயலும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மடியை ஒரே ஒரு முறை துடையுங்கள், சோப்பு வேண்டாம். இணை சேர்த்து எத்தனை நாள் ஆயிற்று?

மேய்ச்சல்காரன்:
இன்றோடு 338.

ஊசிக்கை:
அப்படியானால் இன்று ராத்திரியிலிருந்து கொறங்காட்டில் ஒருவர் கூடப் படுத்துக்கொள்ளுங்கள். குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். எது தாமதமானாலும் உடனே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மேய்ச்சல்காரன்:
கட்டிலை எடுத்துக்கொண்டு போகிறேன் அம்மா.