20 ஆண்டு முடிந்த மூரிங் சங்கிலி இன்னும் 10 ஆண்டு தாங்குமா?

கேள்வி:
எஃப்பிஎஸ்ஓவை (கடலில் எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் கப்பல்) கடலடியோடு பிணைக்கும் மூரிங்கின் வடிவமைப்பு ஆயுளான 20 ஆண்டு முடியப்போகிறது. இன்னும் 10 ஆண்டு ஓட்ட வேண்டும். மேல் சங்கிலி 120 மி.மீ., ஆர்4 (எஃகின் வலுத் தரம்), ஸ்டட் (கண்ணியின் நடுக் குறுக்குக்கட்டை) இல்லாதது. நீர்மட்டத்தை ஒட்டிய கண்ணிகள் 112 மி.மீ.க்குத் தேய்ந்திருக்கின்றன. சங்கிலி முழுவதையும் மாற்றியே ஆக வேண்டுமா?

பதில் 1:
முதலில் கணக்கைப் போடுங்கள். ஆர்4 உடைவுத்திறன் 0.0274 × d² × (44 − 0.08d) கிலோ நியூட்டன்; d என்பது மி.மீ.யில் விட்டம். 120க்கு ஏறத்தாழ 13,570, 112க்கு 12,040. தேய்மானம் ஆண்டுக்கு 0.4 மி.மீ. (20 ஆண்டில் 8) என்றால் 10 ஆண்டில் 108 மி.மீ., அதாவது 11,300. இந்தக் கடைசி எண்ணை வைத்துத்தான் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) பாதுகாப்புக் காரணிகளை, அதாவது உடைவுத்திறன் ÷ அதிகபட்ச இழுவிசையை, பாருங்கள்: எல்லா மூரிங் லைனும் இருக்கையில் 1.67, ஒன்று அறுந்தால் 1.25. புயல் தரவையும் புதுப்பியுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய அலைக் கணிப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். சங்கிலி 120க்கும் சற்றுக் கூடுதலாகவே வந்திருக்கலாம், அப்படியானால் ஆண்டுத் தேய்மானமும் கூடும்; ஆலைச் சான்றிதழில் அசல் விட்டத்தைச் சரிபாருங்கள்.

பதில் 2:
வலு போதும் என்று வந்தாலும் களைப்பு முறிவு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விட்டு உடைவது) தனிக் கதை. ஸ்டாப்பருக்கு (கப்பலில் சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) வெளியே உள்ள முதல் சில கண்ணிகளைக் கவனியுங்கள். இழுவிசை அதிகமானால் கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று உருளாமல் உராய்வில் இறுகி, கம்பிபோல் பக்கவாட்டில் வளையும். அங்கோலாவின் கிராசோல் எண்ணெய் வயலில் இருந்த மிதவையில் 2002இல் சில மாதங்களிலேயே சங்கிலிகள் அறுந்தது இதனால்தான்.

இதற்கு மலிவான வழி, இரண்டிரண்டு கண்ணிகளாக உள்ளே இழுப்பது. ஒற்றைப்படையில் இழுத்தால் கண்ணி 90 பாகை திரும்பி நிற்கும், ஸ்டாப்பரில் உட்காராது. களைத்த கண்ணிகள் ஸ்டாப்பருக்குப் பின்னே சுமையின்றிப் போய்விடும். தளர்த்தி வெளியே விட்டால் அவை சுமையிலேயே இருக்கும், ஆகவே அது வேண்டாம். இழுத்தபின் எல்லா லைன்களின் முன்இழுவிசையையும் (அமைதியான கடலில் லைனில் இருக்கும் இழுவிசை) மறுபடி சமன்செய்யுங்கள்.

கேட்டவர்:
குழிகளும் தெரிகின்றன. முழுவதையும் நீர்ப்பீய்ச்சி வைத்துச் சுத்தம் செய்யலாமா?

பதில் 3:
வேண்டாம். துருப்படலம் போனால் வெற்று எஃகு வேகமாக அரிக்கும். மாதிரிக் கண்ணிகளை மட்டும் சுத்தம் செய்து, கண்ணிகள் கோத்துப் பிடிக்கும் இடத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளவெடுங்கள். அங்கே இரு கண்ணிகளின் தடிமனும் சேர்ந்தே கிடைக்கும். பாதியாக்கிவிட்டால் ஒன்று கூடுதலாகத் தேய்ந்தது மறைந்துவிடும். குழிக்கு மேலே சொன்ன சூத்திரம் செல்லாது. குழியின் ஆழம், அது வளைவின் உட்புறமா வெளிப்புறமா என்பதைக் குறித்து, முப்பரிமாணப் படத்திலிருந்து தகைவுப் பகுப்பாய்வு செய்யுங்கள். அதில் தேறாத கண்ணிகள் உள்ள துண்டை மட்டும் மாற்றினால் போதும்.