டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சின்ன மதர்போர்டு: எது எடுக்கலாம்?

பாம்பன்வாசி:
வீடு பாம்பனில், கடல் கூப்பிடு தூரம். ஹாலில் இருக்கும் 4கே டிவிக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். படமும் பாட்டும் மட்டும்தான், கேம் கிடையாது. அம்மா ராத்திரியில் பழைய படம் பார்ப்பார், ஃபேன் சத்தம் கேட்கவே கூடாது. இங்கே உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கியே பொரிந்து உதிர்கிறது. மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன சைஸ் மதர்போர்டுகளில் எது தாங்கும்?

கீழக்கரை சர்வீஸ்:
தம்பி, இன்டெல் என்100 சிப் பதித்தே வரும் போர்டைப் பாருங்கள். 17 சென்டிமீட்டர் சதுரம். சிப் 6 வாட்தான், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு (ஹீட்சிங்க்) போதும். ஹெச்இவிசி, ஏவி1 என்ற இரண்டு வீடியோ சுருக்க முறைகளையும் சிப்பே விரித்து (டீகோட்) ஓட்டிவிடும். நம்ம பக்கத்துக்கு ஃபேன் இல்லாததுதான் முக்கியம். அது இழுக்கிற காற்றோடு உப்பும் உள்ளே போகும். ராம் ஸ்லாட் பின்கள், பேட்டரி ஓரத்துச் சாலிடர் எல்லாம் பச்சை பூத்த போர்டுகள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

தொண்டிக்காரன்:
வாங்கும்முன் போர்டில் டிவிக்குக் கேபிள் செருகும் ஹெச்டிஎம்ஐ போர்ட் 2.0 வகையா என்று பாருங்கள். 1.4 என்றால் 4கே-வில் விநாடிக்கு 30 ஃபிரேம்தான்.

பாம்பன்வாசி:
சரி அண்ணே. போர்டு மேல் ஈரம் படாமல் காக்கும் கோட்டிங் அடிக்கலாமா?

கீழக்கரை சர்வீஸ்:
அடிக்கலாம், ஆனால் ஸ்லாட், கனெக்டர் மேல் படக் கூடாது. முதலில் கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். அப்புறம், அடிக்கடி அணைக்காதீர்கள். லேசான சூடு இருந்தால் ஈரம் படியாது.