புதுப்பிப்பு: ஆர்சி மோட்டார் பொருத்திய சைக்கிளில் இஎஸ்சி ஏன் எரிகிறது?

ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டிகளுக்கான (ஆர்சி) மோட்டாரை மிதிவண்டியில் பொருத்த முன்பு நான் சொன்ன பாகங்கள்: 6374 அளவு (63 மிமீ விட்டம், 74 மிமீ நீளம்) 190 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று) மோட்டார், 6எஸ் லிப்போ (ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 22.2 வோல்ட்), 26 இன்ச் சக்கரம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி ஏன் எரிகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் கியர் விகிதம்தான் காரணம். 22.2 வோல்ட்டில் மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்குச் சுமார் 4,200 சுற்று. 25 கிமீ வேகத்துக்குச் சக்கரம் 200 சுற்றினால் போதும். ஆக 20:1 குறைப்பு (மோட்டார் 20 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று): முதலில் பெல்ட், அப்புறம் செயின். டெல்டா சமதளம்தானே என்று 8:1 வைத்தால், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் ஆடிக்காற்றை எதிர்த்துப் போகும்போது ஆம்பியர் எகிறி இஎஸ்சி எரியும்.

சுழலும் நிலையைச் சொல்லும் சென்சார் இல்லாத மோட்டார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது திக்கும். நாலு மிதி மிதித்துவிட்டு த்ராட்டிலைத் தொடுங்கள். ஒயர் எட்டவில்லையா? இஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள ஒயரை நீட்டுங்கள். பேட்டரி பக்கம் நீண்டால் வோல்டேஜ் துள்ளி, இஎஸ்சிக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்பெட் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் இஎஸ்சியை ஒட்டி 50 வோல்ட், 1000 மைக்ரோபாரட் லோ-இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கெப்பாசிட்டர் இரண்டு வையுங்கள். வாய்க்கால் கரைச் சேறு பெல்ட் பல்லில் இறுகும், மூடி போடுங்கள்.